பிரேக் மேடம் சரி என்று சொன்ன கதை

டிரைவிங் ஸ்கூல் காரில் ஒரு விசேஷம் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் பதறிப் போய் எதிரே வரும் லாரிக்குள் வண்டியை விடப் பார்த்தாலும், பக்கத்தில் இருக்கிறவர் ஒரே மிதியில் நிறுத்திவிடலாம். அந்த மிதி மிதிப்பதில் நம்ம ஆளை அடித்துக்கொள்ள யாரும் கிடையாது. ஸ்கூலில் அவளுக்குப் பெயரே பிரேக் மேடம். வீட்டில் மட்டும் பாப்பா. முப்பத்து மூன்று வயசில் பாப்பா! கல்யாணம் ஆகிற வரைக்கும் பொண்ணு குழந்தைதான் என்பது அம்மாவின் கட்சி. அந்தக் கட்சியில் அம்மாவைத் தவிர மாமாவும் இருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் போனதே தவிர விசில் போகவில்லை. எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வீட்டில் பேச்சு முற்றினால் ஒற்றை விசில் அடிப்பார், எல்லாரும் அப்படியே நிறுத்திவிட வேண்டும். சமாதானம் ஆகிவிட்டால் இரட்டை விசில். பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்த விசிலை வைத்தே அந்த வீட்டு நிலவரத்தைத் தெரிந்துகொண்டார்கள். அந்த வருஷம் முழுக்க அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் ஒற்றை விசில்தான்.

வேறென்ன, கல்யாணப் பேச்சுதான். "உனக்கு ஒரு இடம் வந்திருக்கு பாப்பா" என்று அம்மா வாயெடுத்தால் போதும், மேடத்தின் கால் தானாகத் தரையை அழுத்தும். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, லைசன்ஸ் டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டர் மாதிரி கேள்வி கேட்பாள். பாதிப் பேர் டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். மீதிப் பேர் டீயை முடித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமா உட்கார்ந்து யோசித்தார். "வீட்டுல வச்சுப் பார்த்தாத்தானேக்கா இவ முறைக்கறா? வேலை செய்யற இடத்துக்கே ஆளை அனுப்புவோம். யாரு என்னன்னு தெரியாம பழகட்டும்" என்றார். யோசனை என்னவோ பிரமாதம்தான். முதல் ஆளாக ஒரு டைல்ஸ் கடைக்காரரை மாணவர் மாதிரி வேஷம் போட்டு அனுப்பினார்கள். பாவி மனுஷன் வேஷத்தையாவது ஒழுங்காகப் போட்டிருக்கக் கூடாதா? முதல் நாளே ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போறதா ஐடியா இருக்கா?" என்று கேட்டார். மேடம் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். டைல்ஸ் கடையின் மூக்கு போய் ஸ்டியரிங்கில் முட்டியது. அந்த இடத்திலேயே அவரை இறக்கிவிட்டு, வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையில் மாமா மூச்சு வாங்க வாங்க விசில் அடித்தார். யாரும் நிறுத்துவதாக இல்லை. கடைசியில் அம்மாதான் நிறுத்தினாள். அழவில்லை. அழுதிருந்தால் மேடம் எப்படியாவது சமாளித்திருப்பாள்.

"எனக்கும் அலுத்துப் போச்சு பாப்பா" என்றாள். "யார் வீட்டுக்குப் போனாலும், 'உன் பொண்ணுக்கு எப்போ, உன் பொண்ணுக்கு எப்போ'ன்னு கேட்டு உயிரை எடுக்கறாங்க. வெளிய போகவே பிடிக்கல. இன்னும் ஒரே ஒருத்தர். அவரும் உன் ஸ்கூல்லதான் சேரப் போறார். யாருன்னு சொல்ல மாட்டேன், சொன்னா முதல் நாளே மிதிச்சிடுவே. கிளாஸ் முழுக்க முடியற வரைக்கும் பழகிப் பாரு. அப்புறமும் வேணாம்னு சொன்னியானா, இந்த வீட்டுல இனிமே கல்யாணப் பேச்சே கிடையாது. மாமா மேல சத்தியம்."

"என் மேல எதுக்குக்கா?" என்றார் மாமா.

மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு 'வேணாம்'. அதைச் சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் நிம்மதி! இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது, தட்டில் வைத்து நீட்டின மாதிரி வருகிறது. "சரிம்மா, பழகிப் பாக்கறேன்" என்று பூனை மாதிரி சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

அந்த வாரம் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் காலேஜில் கணக்கு வாத்தியார். மூக்குக் கண்ணாடி, மெல்லிய குரல், சீட் பெல்ட் போடவே அனுமதி கேட்கிற ஆள். காரின் கதவைச் சாத்திவிட்டு "ஸாரி" என்றார். யாரிடம் சொன்னார், கதவிடமா என்று தெரியவில்லை. இன்னொருவர் லிப்ட் மெக்கானிக். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரின தலை, கொஞ்சம் சென்ட் வேறு. வந்ததும் வராததுமாக, "நான் பிரேக் மேடம்கிட்டதான் கத்துக்கணும்" என்று ஆபீஸில் கேட்டு வாங்கியிருக்கிறார்.

இதற்கு மேல் என்ன துப்பு வேண்டும்? இவன்தான் என்று மேடம் முடிவு கட்டிவிட்டாள். போதாக்குறைக்கு முதல் கிளாஸிலேயே வாயைத் திறந்தார்.

"மேடம், உங்க வீடு எந்தப் பக்கம்?"

'ஆரம்பிச்சாச்சு' என்று நினைத்துக்கொண்டாள். "மார்க்கெட்டுக்குப் பின்னாடி. முட்டுச் சந்து. வண்டியைத் திருப்ப இடம் கிடையாது, ரிவர்ஸ்லயேதான் வரணும். அதனால யாரும் வர மாட்டாங்க."

"எத்தனாவது மாடி?"

"தரைதான்."

"அட, அப்போ லிப்டே கிடையாதா?" என்றார் ரொம்ப வருத்தத்தோடு. வீட்டு வசதியை நோட்டம் பார்க்கிறான், திருட்டுப் பயல் என்று மேடம் பல்லைக் கடித்தாள்.

ஒப்பந்தப்படி கிளாஸ் முடிகிற வரைக்கும் இவள் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஆனால் அவனாகத் துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓடினால்? அதற்குத் தடை ஒன்றும் இல்லையே! புதிதாக வருகிறவர்களைக் காலி மைதானத்தில்தான் ஓட்டவிடுவது வழக்கம். மெக்கானிக்கை நேரே மார்க்கெட் தெருவுக்குக் கூட்டிப் போனாள். கை வண்டி, சைக்கிள், மூட்டை தூக்குகிறவர்கள், நடுரோட்டில் நின்று குடும்பக் கதை பேசுகிறவர்கள், எல்லாம் கூடி இருக்கிற தெரு. "லெப்ட்ல போங்க" என்பாள், அவர் ஒடித்ததும் "யாரு லெப்ட்ல போகச் சொன்னது?" என்பாள். ரிவர்ஸைப் பற்றி அவர் கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல முன்னாடி போகக் கத்துக்கங்க" என்று வாயை அடைத்துவிடுவாள். கடைசி வரைக்கும் அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

அதே மேடம் கணக்கு வாத்தியாரிடம் எப்படி இருந்தாள் தெரியுமா? தேன்! "பரவாயில்ல சார், மெதுவா, மெதுவா. அருமையா எடுத்தீங்க சார். இன்னொரு தடவை ரிவர்ஸ் போகலாமா சார்?" ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளை, நம்மை நம்பி வந்திருக்கிறது என்று இரக்கம். வாத்தியாரும் கிளாஸுக்குக் கிளாஸ் முகம் மலர்ந்துகொண்டே போனார். அது ஏன் என்று மேடம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நமக்குக் கதை ஏது?

ஒருநாள் மார்க்கெட் நடுவில் மெக்கானிக்கின் வண்டி அணைந்து போனது. முன்னாலும் பின்னாலும் ஹாரன் காதைப் பிளக்கிறது. ஒருவன் ஜன்னலில் தட்டித் திட்டுகிறான். மேடம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். இன்றைக்கு ஆள் காலி, நாளைக்கு வர மாட்டான் என்று உள்ளுக்குள் குதூகலம். மெக்கானிக் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகல. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல" என்றார்.

"யாருகிட்ட பேசறீங்க?"

"எனக்கு நானே சொல்லிக்கறேன் மேடம். லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட இப்படித்தான் பேசணும். இப்ப மாட்டிக்கிட்டது நான்தானே."

மேடத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்ததில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் வண்டியைக் கிளப்பி, கை வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, ஒருவர் மேலும் படாமல் தெருவைத் தாண்டினார்.

அதற்கடுத்த வாரம் பாதி கிளாஸில் அவருக்குப் போன் வந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மா தனியாக. பஸ் பிடித்துப் போனால் நேரமாகும். "மாறி உட்காருங்க" என்று சொல்லி மேடமே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். போய்ச் சேர்ந்ததும் அவர் முதலில் டூல் பாக்ஸைத் திறப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் படியில் இரண்டு மாடி ஓடி, மூடியிருந்த கதவில் காதை வைத்தார்.

"அம்மா, நான் லிப்ட்டுக்காரன் பேசறேன். வந்துட்டேன். உள்ள காத்து வருதா?"

உள்ளேயிருந்து அழுகை. "கயிறு அறுந்து கீழ விழுந்துருமாப்பா?"

"அதெல்லாம் விழாதும்மா. கயிறே அறுந்தாலும் ரெண்டு பக்கமும் கம்பியைக் கவ்விப் பிடிச்சுக்கற மாதிரிதான் செஞ்சு வச்சிருக்காங்க. நீங்க என்ன வாங்கிட்டு வந்தீங்க இன்னிக்கு, அதைச் சொல்லுங்க."

"தக்காளி."

"என்ன விலைக்குக் குடுத்தான்? உங்களை ஏமாத்திட்டானே!"

உள்ளே அழுகை நின்று, தக்காளிக்காரனைத் திட்டுகிற சத்தம் ஆரம்பித்தது. மெக்கானிக் பேசிக்கொண்டே மேலே போய், பேசிக்கொண்டே எதையோ சுற்றி, பேசிக்கொண்டே இறங்கி வந்து கதவைத் திறந்தார். மேடம் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மனசு அந்தப் படிக்கட்டிலேயே விழுந்தது. விழுந்தது என்று அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. ஐயையோ, இவனை வேண்டாம் என்றல்லவா சொல்ல வேண்டும் என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கிளாஸ் முடிந்து இரண்டு பேரும் டெஸ்ட்டுக்குப் போனார்கள். கணக்கு வாத்தியார் பூப்போல ஓட்டிப் பாஸானார். மெக்கானிக் ரிவர்ஸில் கம்பத்தைச் சாய்த்துப் பெயிலானார். எப்படிப் பாஸாவார், சொல்லிக் கொடுத்திருந்தால்தானே? வெளியே வந்து, "லைசன்ஸ் எடுத்தா ஆபீஸ்ல வேன் தர்றேன்னாங்க மேடம். இன்னும் கொஞ்ச நாள் டூல் பாக்ஸைத் தூக்கிட்டு பஸ்ல தொங்க வேண்டியதுதான்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மேடத்துக்கு நெஞ்சில் முள் தைத்தது. பரவாயில்லை, கட்டிக்கொண்ட பிறகு ரிவர்ஸ் என்ன, எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, நீ அனுப்பின ஆளு... எனக்குச் சரி" என்றாள்.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். மாமா நாற்காலியிலிருந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தார். "நெஜமாவா? என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்று அம்மா மேடத்தின் முகத்தைத் திருப்பினாள். வெட்கம்! அந்த முகத்தில் வெட்கத்தை அம்மா அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. மாமா விசிலை எடுத்தார். "இருடா, அவங்க வந்து பேசி முடிக்கட்டும், அப்புறம் ஊதலாம்" என்று அம்மா பிடுங்கி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஏற்பாடு. மேடம் யாரும் சொல்லாமலே நல்ல புடவை கட்டிக்கொண்டாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் அம்மாவை முந்திக்கொண்டு ஓடித் திறந்தாள். வாசலில் கணக்கு வாத்தியார், கையில் ஸ்வீட் டப்பா.

"என்ன சார் நீங்க? பாஸானதுக்கு ஸ்வீட் குடுக்க வீடு தேடியா வரணும்?" என்று டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

வாத்தியார் நெளிந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய அம்மா, அப்பா, அத்தை என்று ஒரு குடும்பமே நின்றது. மேடம் அவர்கள் தலைக்கு மேலே எட்டி, சந்து முனை வரைக்கும் பார்த்தாள்.

"பின்னாடி இன்னும் யாராவது வர்றாங்களா?"

"இல்லம்மா, நாங்க மட்டுந்தான்" என்றாள் வாத்தியாரின் அம்மா.

அப்போதுதான் உறைத்தது. உள்ளே எல்லாரும் உட்கார்ந்தார்கள், மாமா குசலம் விசாரித்தார், அம்மா டீ கொண்டு வந்து வைத்தாள். "எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா? ஒருநாள்கூட முகம் சுளிக்கல" என்று வாத்தியார் தன் அத்தையிடம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். மேடத்தின் கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது.

"மன்னிச்சுக்கங்க" என்று எழுந்து நின்றாள். "நான் சரின்னு சொன்னது சாரை இல்ல. வேற ஒருத்தரை. அவரைத்தான் எங்கம்மா அனுப்பினாங்கன்னு நெனச்சுட்டேன்."

டீ குடித்துக்கொண்டிருந்த அத்தைக்குப் புரையேறியது.

"யாரைடீ?" என்றாள் அம்மா.

"லிப்ட் மெக்கானிக்."

"அவங்க வீட்டுல எப்போ வந்து பேசினாங்க?"

"பேசல."

"அவன் என்ன சொன்னான்?"

"அவருக்கு இதைப் பத்தி எதுவுமே தெரியாதும்மா."

மாமா ஒற்றை விசில் அடித்தார். வாத்தியார்தான் முதலில் பேசினார். "அப்போ என்கிட்ட அவ்வளவு அன்பா நடந்துக்கிட்டது?"

"நீங்கதான் மாப்பிள்ளைன்னு தெரிஞ்சிருந்தா அப்படி நடந்திருக்க மாட்டேன் சார்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் வாடித்தான் போயிருந்தது. "பரவாயில்ல. லைசன்ஸாவது கெடச்சுது" என்று எழுந்தார். நல்ல மனுஷன். ஸ்வீட் டப்பாவை அவர் திருப்பிக் கேட்கவில்லை, அவருடைய அத்தைதான் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அவர்கள் போன பிறகு அம்மா கத்துவாள் என்று மேடம் காத்திருந்தாள். அம்மா டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டே, "நான் அனுப்பின ஆளை நீ வேணாம்னு சொல்லிட்டே. சொன்ன சொல் சொன்னதுதான். இனிமே இந்த வீட்டுல கல்யாணப் பேச்சு கிடையாது, போதுமா?" என்றாள். மாமா மட்டும், "அந்த லிப்ட்டுக்காரன் இந்தச் சந்துக்குள்ள வந்து பாக்கட்டும், அப்ப தெரியும் நான் யாருன்னு" என்று மீசையைத் தடவினார். மேடம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்டது கிடைத்துவிட்டது, ஆயுசுக்கும் நிம்மதி. தலையணை நனைகிற அளவுக்கு அழுதாள்.

மறுநாள் மெக்கானிக் மறுபடி டெஸ்ட்டுக்குப் பயிற்சி எடுக்க வந்தார். மேடம் அவரை மைதானத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். மாமா திட்டம், அம்மா சத்தியம், ஓட வைக்கப் பார்த்தது, படிக்கட்டில் நின்றது, சரி என்று சொன்னது, எல்லாம். அவர் கண்ணாடி வழியாக மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பிரேக் மேடம் வேணும்னு கேட்டது, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் உங்ககிட்ட கத்துக்கிட்டு நல்லா ஓட்டறார்ங்கறதுக்காக" என்றார் கடைசியில். "இஸ்திரி போட்ட சட்டை ஆபீஸ் உத்தரவு."

"சென்ட்?"

"நாள் முழுக்க கிரீஸ் வாசனை மேடம். உங்க வண்டியில வரக் கூடாதேன்னு." பிறகு குரல் மாறியது. "அப்போ நான் பெயிலானது?"

"என்னாலதான்."

அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். போகிறார் என்றே மேடம் நினைத்தாள். இறங்கிப் போகிற மனுஷனைத் தடுக்க எந்தப் பிரேக்கும் அவள் காலடியில் இல்லை. அவர் சுற்றி வந்து மறுபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"கோபமா இருக்கேன்" என்றார். "ரிவர்ஸ் சொல்லிக் குடுங்க."

"இன்னொண்ணுக்கு என்ன சொல்றீங்க?"

"லிப்ட் வேலையில ஒரே நேரத்துல ரெண்டு கதவைத் திறக்கக் கூடாது மேடம். முதல்ல ரிவர்ஸ்."

சொல்லிக் கொடுத்தாள். அந்த மாதிரி அவள் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கண்ணாடியை நம்பு, கழுத்தைத் திருப்பு, வண்டியின் பின்பக்கம் எங்கே போகிறதோ அங்கே மனசை வை என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினாள். "எங்க சந்துக்குள்ள ரிவர்ஸ்லயே வந்து வாசல்ல நிறுத்திட்டீங்கன்னா, அப்புறம் உலகத்துல எந்தச் சந்துக்குள்ள வேணாலும் போகலாம்" என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கியரைப் போட்டார்.

அந்தத் தடவை பாஸானார். "தேங்க்ஸ் மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனவர்தான். போனும் இல்லை, ஆளும் இல்லை. வீட்டில் அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். யாருக்குக் கல்யாணம் என்று செய்தி வந்தாலும் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தில் சாப்பாடு இறங்கவில்லை மேடத்துக்கு. ஏதாவது கேளேன் அம்மா, திட்டவாவது திட்டேன் என்று இருந்தது. மாமாவின் விசிலுக்கு வேலையே இல்லாமல் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வாசலில் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சந்து முனையில் ஒரு வேன் வந்து நின்றது. ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாக உள்ளே வர ஆரம்பித்தது.

முப்பது வருஷம் பஸ்ஸில் தொங்கினவர் மாமா. பின்னால் வருகிற வண்டியைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்குமா? பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார். யார், என்ன என்று பார்க்கவில்லை.

"வரலாம், வரலாம், வரலாம்... லெப்ட்ல ஒடி, லெப்ட்ல ஒடி... அப்படித்தான் ராஜா... நேராக்கு, நேராக்கு... சுவரைப் பாக்காதே, என்னைப் பாரு... வா வா வா வா!"

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். அம்மாவுக்குப் பின்னால் மேடம் வந்தாள். வேனின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'லிப்ட் சர்வீஸ்' என்று எழுதியிருந்தது. மாமா இருக்கிற பக்கத்திலிருந்து அது தெரியவில்லை. அவர் வேனின் முதுகைத் தட்டித் தட்டிக் கூட்டிக்கொண்டு வந்து, இவர்கள் வாசலுக்கு நேராக, "போதும்! ஹோல்டான்!" என்று நிறுத்தினார். இரண்டு பக்கச் சுவரிலும் படாமல் வேன் கச்சிதமாக நின்றது.

"யாருப்பா அது? அருமையா ரிவர்ஸ் எடுக்கறே!" என்று முன்பக்கம் எட்டிப் பார்த்த மாமாவுக்குப் பக்கவாட்டு எழுத்து கண்ணில் பட்டது. "யார் வீட்டுக்கு வந்தே? இந்தச் சந்துல எங்கயும் லிப்ட் கிடையாதே?"

"தெரியுங்க. மேடம் முதல் நாளே சொல்லிட்டாங்க" என்றபடி மெக்கானிக் இறங்கினார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சென்ட். மேடத்தைப் பார்த்தார். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு மேடம். வேன் நேத்துதான் கையில கெடச்சுது. உங்க சந்துக்கு ரிவர்ஸ்ல வரணுமே, பஸ்ல எப்படி வர்றது?"

மாமாவுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் சிவந்தது. கை சட்டைப் பைக்குப் போனது. "நீயா அது? உன்னை இந்தச் சந்துக்குள்ள விடவே கூடாதுன்னு..."

"கையைக் காட்டிக் கூட்டிட்டு வந்ததே நீதான்டா தம்பி" என்றாள் அம்மா. பல நாளைக்குப் பிறகு அம்மாவின் குரலில் பழைய அம்மா இருந்தாள். "வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டு இப்ப என்னத்த ஊதப் போறே?"

மாமா மெக்கானிக்கைப் பார்த்தார். சுவருக்கும் வேனுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். ஒரு பக்கம் எவ்வளவோ, மறு பக்கமும் அவ்வளவே. "சும்மா சொல்லக் கூடாதுக்கா. நல்லாத்தான் ஒடிக்கறான்" என்று முனகினார். விசிலை வாயில் வைத்தார். இரண்டு தடவை ஊதினார்.

பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. மெக்கானிக் பஸ்ஸிலேயே போய்வந்து பழகின ஆள் அல்லவா, இரட்டை விசில் கேட்டதும் முகம் வெளிறிப் போனது.

"கிளம்பச் சொல்றாரா மேடம்?"

"இல்ல" என்றாள் மேடம். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு வார்த்தை சரியாக வரவில்லை. "உள்ள வரச் சொல்றார்."